ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடுகிறதா? ஃபைல் பெயரைப் பாருங்கள்

விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களில் எந்த வேலையும் கொடுக்காதபோதே டிஸ்க் 100 சதவீதம் காட்டினால், பலரும் டாஸ்க் மேனேஜரில் முதலில் நிற்கும் புரோகிராமை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில், டிஸ்க் வேலை செய்வதைக் காட்டும் விளக்கு மறுபடி எரிய ஆரம்பிக்கும்.

அந்த 100 சதவீதம் டிஸ்க் எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பதற்கான கணக்கு. எவ்வளவு டேட்டா போனது என்பதற்கல்ல. நிமிடத்துக்கு 7,200 சுற்று (ஆர்பிஎம்) சுழலும் டிஸ்க், அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4 கேபி துண்டுகளை விநாடிக்குச் சுமார் 100 தடவைதான் படிக்கும். கூட்டிப் பார்த்தால் அரை எம்பி கூட வராது, ஆனால் டிஸ்க்குக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் எம்பி கணக்கில் சின்னதாகத் தெரியும் புரோகிராமையும் விட்டுவிடக் கூடாது.

ஸ்டார்ட்டில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, டிஸ்க் பக்கத்துக்குப் போங்கள். நடுவில் இருக்கும் டிஸ்க் ஆக்டிவிட்டி பட்டியல்தான் முக்கியம்: எந்தப் புரோகிராம், எந்த ஃபைல், எவ்வளவு என்று வரி வரியாகக் காட்டும். டோட்டல் என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியது மேலே வரும். எண்கள் கடைசி ஒரு நிமிடத்தின் சராசரி. இப்போதுதான் மூடிய புரோகிராமும் சிறிது நேரம் பட்டியலில் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

முதலிடத்தில் அடிக்கடி வருவது சிஸ்டம், அதாவது விண்டோஸே; அதன் பிஐடி (புரோகிராமின் அடையாள எண்) 4. புரோகிராம்கள் எழுதுவது முதலில் மெமரியில் தங்கும். பிறகு அதை டிஸ்க்கில் இறக்குவது விண்டோஸ்தான் என்பதால், பழி சிஸ்டத்தின் மேல் விழுகிறது. ஃபைல் இருக்கும் ஃபோல்டரைப் பார்த்தால் உண்மையான ஆள் யாரென்று தெரிந்துவிடும். பிரவுசரின் புரொஃபைல் ஃபோல்டர் என்றால் பிரவுசர். பேஜ்ஃபைல் (ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) என்றால் ரேம் போதவில்லை. மெமரி பக்கத்தில் ஹார்ட் ஃபால்ட்ஸ் (ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டிவந்த தடவைகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தால் சந்தேகமே வேண்டாம். 4 ஜிபி ரேமை வைத்துக்கொண்டு பின்னணியில் ஓடும் எந்த சர்வீஸை நிறுத்தினாலும் பயன் இல்லை.

எஸ்விசி ஹோஸ்ட் (svchost) என்று வந்தால், அது விண்டோஸ் சர்வீஸ்களை உள்ளே வைத்து ஓட்டும் உறை மட்டுமே; சிபியு பக்கத்தில் அதை டிக் செய்யுங்கள். கீழே சர்வீஸஸ் பகுதியில் உள்ளே ஓடுவதன் பெயர் வரும். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே மெமரிக்குக் கொண்டுவரும் சிஸ்மெயின் சர்வீஸைப் பார்த்தவுடனே நிறுத்தச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் டிஸ்க் ஆக்டிவிட்டி பட்டியலில் ஐ/ஓ பிரையாரிட்டியை, அதாவது டிஸ்க் வேலையில் அதற்குள்ள முன்னுரிமையைப் பாருங்கள். பேக்கிரவுண்ட் என்றிருந்தால், மற்ற வேலை வரும்போது அது ஒதுங்கிக்கொள்ளும். நார்மல் என்று இருப்பதுதான் நம்மைக் காக்க வைக்கிறது.

தோன்றி மறையும் புரோகிராமைப் பிடிக்க மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள புராசஸ் மானிட்டர் என்ற கருவி வேண்டும். ஃபைல் வேலைகளை மட்டும் காட்டச் சொல்லி அரை நிமிடம் பதிவு செய்து நிறுத்திவிட்டு, டூல்ஸில் ஃபைல் சம்மரியைத் திறங்கள். ஓடவிட்டு எழுந்து போகாதீர்கள்; பதிவுகள் மெமரியில் குவிந்து, பேஜ்ஃபைலைத் தொட வைத்து, அதுவே டிஸ்க்குக்குப் புதுச் சுமையாகிவிடும்.

எந்தப் புரோகிராமும் காரணமாக இல்லாமலும் போகலாம். ரிசோர்ஸ் மானிட்டரின் அதே டிஸ்க் ஆக்டிவிட்டி பட்டியலில் ரெஸ்பான்ஸ் டைம் (டிஸ்க் பதில் தர எடுக்கும் நேரம்) என்ற தலைப்பின் கீழ், நல்ல ஹார்ட் டிஸ்க்கில் 10, 20 மில்லி விநாடி சகஜம். டேட்டா கொஞ்சமாகப் போகும்போதே எல்லாப் புரோகிராமுக்கும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஏறினால் டிஸ்க்கே படிக்கத் திணறுகிறது. விண்டோஸ் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில், டிஸ்க் என்ற பெயரில் 7 (பழுதான இடம்) அல்லது 153 (மறுபடி முயன்ற வேலை) என்ற எண் இருக்கிறதா பாருங்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் சி5 (படிக்கச் சிரமப்படும் இடங்களின் எண்ணிக்கை) பூஜ்யத்தைத் தாண்டியிருந்தால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். சி7 (டேட்டா போய்வரும்போது நேரும் பிழைகள்) மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான், மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

விளக்கு எரியாமல் சத்தம் மட்டும் வந்தால் அது டிஸ்க் தனக்குள் செய்துகொள்ளும் வேலை. எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க்குகளில், நிறைய எழுதிய பிறகு இது வெகுநேரம் நீளும். ரிசோர்ஸ் மானிட்டரில் அதற்குத் தடயமே இருக்காது.