பாட்டி முழுங்கிய கொய்னா

போன செவ்வாய்க்கிழமை ஈப்போவில் எனக்குக் கண் பரிசோதனை. சுங்கை சிப்பூட்டிலிருந்து அரை மணி நேரப் பயணம்தான், ஆனால் கண்ணில் சொட்டு மருந்து விட்டுவிட்டால் அப்புறம் சாயங்காலம் வரை எல்லாமே மங்கல், காடி ஓட்ட முடியாது, அதனால் தம்பியை லீவு போடச் சொல்லியிருந்தேன். கிளம்பும் நேரத்தில் பாட்டி சேலையை மாற்றிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏன், எதற்கு என்றெல்லாம் கேட்க முடியாது. வயது 87. ஈப்போவில் ஒரு தடவை பசியாறினால் அவருக்கு ஒரு வாரத்துக்குப் பேச்சு இருக்கும்.

காத்திருக்கும் இடத்தில்தான் கேட்டார். "உனக்கு மூட்டுலதானே நோவு, கண்ணை எதுக்குப் பார்க்கிறாங்க?"

எனக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே எதிரியாக நினைத்து அடிக்கும் நோய். அதற்காக நான் தினமும் போடும் மாத்திரை, பல வருடங்கள் போட்டால் சிலருக்கு விழித்திரையைக் கெடுக்கும், அதை ஆரம்பத்திலேயே பிடிக்கத்தான் வருடா வருடம் இந்தப் படம் எடுக்கிறார்கள் என்றேன். அப்படி என்ன மாத்திரை என்று கேட்டார். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்று சொல்லி வாய் வலிப்பதைவிட, "மலேரியா மாத்திரை பாட்டி" என்று சொல்லிவிட்டேன்.

"கொய்னாவா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்த சீனப் பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கொய்னா என்றால் குவினைன், அந்தக் காலத்து மலேரியா மருந்து. பிறகு ஆரம்பித்தது கதை. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்கும்போதே, தோட்டத்து மருந்துக்காரரான டிரசர் வந்துவிடுவாராம். வாயில் மருந்தைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, நாக்கைத் தூக்கச் சொல்லி முழுங்கியாச்சா என்று பார்த்த பிறகுதான் ஆளை விடுவாராம். வேப்பங்காய் தோற்றுவிடும் அந்தக் கசப்பில். "கொஞ்ச நேரத்துல காதுக்குள்ள வண்டு பறக்கும் பாரு" என்றார். கொய்னாவுக்குக் காது இரைவது உண்மைதான், நான் படித்திருக்கிறேன், ஆனால் அதை வண்டு என்று சொல்ல அதை முழுங்கிய ஆள் வேண்டும். அப்புறம் ஒரு மஞ்சள் மாத்திரை வந்ததாம், அதைப் போட்டவர்களுக்குத் தோலெல்லாம் மஞ்சள் பூசினதுபோல ஆகிவிடுமாம்.

அந்த மஞ்சள் மாத்திரையில்தான் என் கதை தொடங்குகிறது.

கொய்னா சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பங்கு ஜாவாவில்தான் விளைந்தது. 1942ல் ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாட்டுப் படைகளுக்குக் கொய்னா கிடைக்காமல் போனது. அதனால் மெப்பாக்கிரின் என்ற செயற்கை மருந்தை லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குத் தினமும் கொடுத்தார்கள். இதுதான் பாட்டி சொன்ன மஞ்சள். மலேரியாவுக்காகக் கொடுத்த மருந்தில், ஏற்கெனவே தோல் தடிப்பும் மூட்டு வீக்கமும் இருந்த சிலருக்கு அவையும் குறைந்தன. 1951ல் பேஜ் என்ற லண்டன் மருத்துவர் இதை லூபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதினார். மஞ்சள் ஏறாத, நஞ்சும் குறைந்த தம்பி மருந்தாக ஹைட்ராக்சிகுளோரோகுயின் வந்து, 1955ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றைக்கும் உலகம் முழுவதும் லூபஸ்காரர்களுக்கு முதலில் எழுதிக் கொடுப்பது அதைத்தான்.

எனக்கு நோய் தெரிய வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், இங்கே படிப்பவர்களில் யாருக்காவது உதவும். 2016, எனக்கு 29 வயது. செம்பனை ஆலையில் லாரி எடை போடும் இடத்தில் கிராணி வேலை, பாதி நேரம் வெயிலில். முதலில் கன்னத்தில் கறுத்தது. எல்லாரும் மங்கு என்றார்கள். அத்தை ஒருத்தர் ஜாதிக்காய் உரைத்துப் போடச் சொன்னார். ஒரு தனியார் கிளினிக்கில் வெளுப்பதற்குக் கிரீம் கொடுத்து 80 வெள்ளி வாங்கினார்கள். லூபஸ் என்றால் வண்ணத்துப்பூச்சி மாதிரி கன்னம் சிவக்கும் என்று புத்தகங்களில் படம் போட்டிருக்கும், எல்லாம் வெள்ளைத் தோல். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியும், கருநீலமாகவோ வெறும் கறுப்பாகவோதான் இருக்கும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பில் மட்டும் தடிப்பு பெரும்பாலும் ஏறாது, அதுவும் ஒரு அடையாளம் என்று பின்னாளில்தான் தெரிந்தது.

அப்புறம் விரல்கள். காலையில் எழுந்து மைலோ டின் மூடியை நெம்ப முடியவில்லை. கரண்டிக் காம்பை மூடிக்குக் கீழே வைத்து அழுத்தினால் விரல் மடங்கவே மாட்டேன் என்கிறது, அம்மா கோடாலித் தைலம் தேய்த்து விட்டு வேலைக்கு அனுப்பினார், பத்து மணிக்குத்தான் விரல் என் பேச்சைக் கேட்கும். முடி கொட்டியது. இதெல்லாம் நடந்து ஏழு மாதம் கழித்து, சிறுநீர் நுரை நுரையாகப் போகிறதே என்று அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த சின்ன வயது மலாய் டாக்டர் என் முகத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தார், சிறுநீரை அங்கேயே சோதித்தார், புரதம் போகிறது என்று அன்றைக்கே ஈப்போவுக்குக் கடிதம் எழுதினார். சிறுநீரகத்தையே தொட்டிருந்தது நோய்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நான் வீட்டில் மூன்றாவது பெண். பெரியக்கா போட்ட பாவாடையைச் சின்னக்கா போட்டு, அப்புறம் எனக்கு வரும். லூபஸின் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. தினமாத்திரை மலேரியாவிலிருந்து வந்தது. சிறுநீரகத்துக்காக நான் போட்ட மைகோஃபினோலேட், மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்காக வந்த மருந்து. ஸ்டீராய்டு மூட்டு வாதக்காரர்களிடமிருந்து வந்தது. மஞ்சள் காமாலை வந்தாலும் கர்ப்பமானாலும் முடக்கு வாதம் தணிகிறதே, உடம்பே ஏதோ சுரக்கிறதோ என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் வருடக்கணக்காக யோசித்து, 1948 செப்டம்பரில் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து கடைவீதிக்கே போனாராம். 1950ல் நோபல் பரிசு. பக்க விளைவு என்னவென்று அதைத் தின்று முகம் பூசணிக்காயான என்னைக் கேளுங்கள்.

அதே மேயோ கிளினிக்கில் அதே 1948ல்தான் ஹார்கிரேவ்ஸ் என்பவர், லூபஸ்காரர்களின் எலும்பு மஜ்ஜையில் ஒரு உயிரணு இன்னொரு உயிரணுவின் கருவை விழுங்கி நிற்பதை விவரித்து எழுதினார். உடம்பு தன்னையே தின்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் ஒன்று. எங்கள் ஊரில் 1948 என்றால் வேறு ஞாபகம். ஜூன் 16ல் இங்கே பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொல்ல, மலாயாவில் அவசரகாலம் தொடங்கி, 1960 வரை நீண்டது. பாட்டிக்கு அப்போது பத்து வயது. அவரிடம் அந்தக் கதையையும் ஒருநாள் வாங்கி எழுத வேண்டும்.

சரி, என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். 2019ல் நன்றாகத்தான் இருந்தேன். யாரோ வாட்ஸ்அப்பில் இந்த மாத்திரை கண்ணைக் குருடாக்கும் என்று அனுப்பினார்கள். பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டேன். முதல் மாதம் ஒன்றும் இல்லை, என்னைவிடக் கெட்டிக்காரி யாருமில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம் பழைய நுரை வந்தது, கால் வீங்கியது, மறுபடி ஸ்டீராய்டு, மறுபடி பூசணிக்காய். இதை 1991லேயே கனடாவில் சோதித்து முடித்திருக்கிறார்கள். நன்றாக இருந்த 47 பேரில் 25 பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், 22 பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் தொடர்ந்தவர்களில் 9 பேருக்கு நோய் கிளர்ந்தது, வெற்று மாத்திரைக்காரர்களில் 16 பேருக்கு.

கண் பயம் பொய்யும் இல்லை. உடம்பு எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால், முதல் பத்து வருடத்தில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் விழித்திரை பாதிக்கிறது. இருபது வருடத்தைத் தாண்டினால் கிட்டத்தட்ட 20 சதவீதம். என் எடை 62 கிலோ, ஆக ஒரு நாளைக்கு 300க்குப் பக்கத்தில். மாத்திரையோ 200 மில்லிகிராம். அதனால் ஒற்றைப்படைத் தேதியில் ஒன்று, இரட்டைப்படையில் இரண்டு. 31ஆம் தேதியை அடுத்து 1ஆம் தேதி வரும்போது என் கணக்கு இடிக்கும், டாக்டரிடம் கேட்டால் அவர் சிரிக்கிறார்.

எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த துணி எப்போது வந்தது என்றால், 2011ல். பெலிமுமாப், ஐம்பது வருடத்துக்கு மேல் இடைவெளி விட்டு லூபஸுக்காக அனுமதி பெற்ற முதல் புது மருந்து. 2021ல் அனிஃப்ரோலுமாப். இவை வருவதற்கு முன்பே, ரிட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து நிச்சயம் ஜெயிக்கும் என்று நம்பிய பெரிய சோதனைகள் தோற்றன. ஒருத்திக்குத் தோல், ஒருத்திக்குச் சிறுநீரகம், இன்னொருத்திக்கு மூளை என்று ஆளுக்கு ஒரு மாதிரி வரும் நோயில் யாரை எந்த அளவுகோலில் அளப்பது? அதனால்தான் இந்த இழுபறி. புது ஊசிகளின் விலையைக் கேட்டேன், கேட்டதோடு சரி. நான் நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி கட்டி வருகிற ஆள்.

நான் இரவெல்லாம் உட்கார்ந்து படித்தது 2022ல் வந்த ஒரு ஆராய்ச்சியை. ஸ்பெயினில் ஏழு வயதிலேயே லூபஸ் கண்ட ஒரு பெண் குழந்தையின் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை கரோலா வினுவேசாவின் குழு கண்டுபிடித்தது. டிஎல்ஆர்7 என்ற மரபணு. வைரஸ் உள்ளே வந்தால் மணியடிக்க வேண்டிய காவல்காரன். அந்த எழுத்து மாறியதும் சொந்த உடம்பின் துணுக்கைப் பார்த்தும் மணியடிக்கிறான். அதே மாற்றத்தை எலிக்கு வைத்தார்கள், எலிக்கும் லூபஸ் வந்தது. எல்லா லூபஸும் இப்படி ஒரே எழுத்தால் வருவதில்லை, ஆனால் அந்த மரபணு இருப்பது பெண்களுக்கு இரண்டும் ஆண்களுக்கு ஒன்றும் இருக்கும் எக்ஸ் குரோமோசோமில், இந்த நோய் வரும் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். இன்னொன்று கேளுங்கள். அந்தக் காவல்காரன் நிற்பது உயிரணுவுக்குள் புளிப்பான ஒரு சின்னப் பையில், என் மலேரியா மாத்திரை செய்யும் வேலைகளில் ஒன்று அந்தப் புளிப்பைக் குறைத்து அவன் கையைக் கட்டுவது. எழுபது வருடமாகக் காரணம் சரியாகத் தெரியாமலே முழுங்கியிருக்கிறோம், டிரசர் நாக்கைத் தூக்கிப் பார்க்காத குறைதான்.

ஜெர்மனியின் எர்லாங்கனில் கியோர்க் ஷெட் குழு செய்வது இன்னும் பெரிய விஷயம். அதுவும் ரத்தப் புற்றுநோயிடமிருந்து வாங்கியதுதான், பழைய பாவாடைதான். எதிர்ப்புச் சக்தியின் வேட்டைக்காரர்களான டி அணுக்களை நோயாளியிடமிருந்து வெளியே எடுத்து, உடம்பைத் தாக்கும் எதிர்ப்பொருளைச் செய்யும் பி அணுக்களைத் தேடிக் கொல்லும்படி மாற்றி, திரும்ப உள்ளே விடுகிறார்கள். 2021ல் 20 வயதுப் பெண் ஒருவருக்கு முதலில் செய்தார்கள். 2024ல் வெளிவந்த அறிக்கையில் 15 பேர், அதில் 8 பேருக்கு லூபஸ், அந்த எட்டுப் பேரும் மற்ற மருந்துகளை நிறுத்திவிட்டு நோயில்லாமல் இருந்தார்கள். சில மாதங்களில் பி அணுக்கள் திரும்ப முளைத்தாலும் பழைய பகையை மறந்த புதுப் பிள்ளைகளாக வருகின்றன. எட்டுப் பேர்தான், அதுவும் சில வருடங்கள்தான், ரொம்பக் கொண்டாடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் டாக்டரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நம்ம ஊருக்கு வருமா டாக்டர்?" என்றேன். "முதலில் சிறுநீர் கொடுத்துவிட்டு வாங்க" என்றார்.

என் விழித்திரை இந்த வருடம் சுத்தம். பாட்டிக்கு ரொட்டி சானாய்.

வீட்டுக்குத் திரும்பினால் பெரியம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு முடக்கு வாதம், விரல்கள் சுண்டு விரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. தோட்டத்தை விட்டு வெளியேறிப் பதினேழு வருடம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்காவும் சேர்ந்து, முடக்கு வாதம் வந்த 910 மலேசியப் பெண்களையும் வராத 910 பெண்களையும் ஒப்பிட்டதில், துணி ஆலைத் தூசியில் வேலை செய்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று தெரிந்தது. பெரியம்மாவுக்கு அதனால்தான் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்க மூக்குல துணி கட்டிக்கச் சொல்லுவாங்க, வேர்க்கும்னு யாரும் கட்டமாட்டோம்" என்றார்.

அவருக்கு மெத்தோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒரே நாள், செவ்வாய். தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் டப்பாவின் மேல் கறுப்பு மார்க்கரால் செவ்வாய் என்று நான்தான் எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்குச் செவ்வாய்தானே, ஆறு சின்ன மஞ்சள் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். பாட்டி குனிந்து பார்த்தார்.

"இதுவும் கொய்னாவா?"

ரத்தப் புற்றுநோய் மருந்து என்று சொன்னால் இரவு முழுக்கத் தூங்கமாட்டார். ஆமாம் பாட்டி என்று சொல்லிவிட்டேன்.