14 அங்குலப் பழைய ட்ரம்முக்கு மூன்று கால்

கொழும்பில் கல்யாணத்துக்கும் பார்ட்டிக்கும் ட்ரம்ஸ் வாசிக்கிறவருக்கு 16 அங்குல புளோர் டொம், அதாவது தரையில் மூன்று காலில் நிற்கும் தாழ்குரல் ட்ரம், பெரிய சுமை. வெள்ளவத்தைப் பக்க மண்டப மேடைகளில் கீபோர்டும் ஸ்பீக்கரும் போக எங்களுக்கு மிஞ்சுவது ஒரு மூலைதான். திரீவீலரில் பாஸ் ட்ரம்மை ஏற்றிவிட்டால் மற்றதெல்லாம் மடியில். அதனால்தான் 14 அங்குலத்துக்கு மாறினேன். அதையும் புதிதாக வாங்காமல், பழைய ட்ரம்மைத் தேடிப் பிடித்துக் கால் பூட்டிக்கொள்கிறேன்.

சின்ன டொம் எடுபடாது என்று பயப்பட வேண்டாம். 1963இல் பீட்டில்ஸ் ட்ரம்மர் ரிங்கோ ஸ்டாருக்குக் கிடைத்த முதல் லட்விக் கம்பனி செட்டில் புளோர் டொம் 14க்கு 14தான் (முதலில் விட்டம், பிறகு ஆழம், அங்குலத்தில்). பைலாவின் ஆறெட்டு (6/8) தாள ஓட்டத்துக்கு, நீட்டி முழங்கும் பெரிய டொம்மைவிட, சட்டென்று பேசிவிட்டு அடங்குகிற 14 எவ்வளவோ மேல்.

எதை எடுப்பது? பழைய செட்டுகளின் 13க்கு 9 டொம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஆழம் குறைவு என்பதால் காலை நீளமாக இறக்க வேண்டிவரும், ஒவ்வொரு அடிக்கும் ஆடும். அதை ஸ்னேர் ட்ரம்மைத் தாங்கும் ஸ்டாண்டில் வைத்து வாசிப்பதே நல்லது. ஸ்டாண்டின் கைகளை மட்டும் இறுக்கிவிடாதீர்கள், கீழ்த் தோலின் அதிர்வு செத்துப்போகும். என் விருப்பம் பள்ளிக்கூட பான்டுகளில் இருந்து கழித்துவிடும் 14க்கு 12 சைட் ட்ரம், அணிவகுப்பில் தோளில் மாட்டி வாசிப்பது. அந்த ஆழம் கால் பூட்டப் போதும், குரலும் கீழே இறங்கும்.

போன மாதம் ஒரு தம்பி படம் அனுப்பிவிட்டுக் கேட்டான்: "அண்ணே, குரோம் எல்லாம் பளபளக்குது, எடுக்கட்டோ?"

"குரோமை விடு தம்பி. தோலைக் கழட்டிக் காட்டச் சொல்லு."

இங்கே கடற்காற்றில் குரோம் எப்படியும் பொரிந்துவிடும். பார்க்க வேண்டியது ட்ரம்மின் உடம்பான மர ஷெல்லை. தோல், அதை அழுத்திப் பிடிக்கும் ரிம் எல்லாம் கழற்றி, ஷெல்லைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு உள்ளே ஒரு டோர்ச்சைப் போடுங்கள். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் கசியும் இடம்தான் தோல் சரியாக உட்காராத இடம். மயிரிழைக் கசிவு என்றால் பரவாயில்லை, தட்டையான கண்ணாடியில் அரத்தாளை ஒட்டி விளிம்பை வட்டமாகத் தேய்த்தால் சரியாகும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் வேண்டாம். அப்புறம் நாடா பிடித்து விட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்து பாருங்கள். நீள்வட்டமாகிப் போன ஷெல்லுக்கு வைத்தியம் இல்லை.

சைட் ட்ரம்மில் இன்னொன்று உண்டு. சரசரவென்ற சத்தம் தரும் ஸ்னேர் கம்பி படிவதற்காகக் கீழ் விளிம்பில் எதிரெதிரே இரண்டு பள்ளம் செதுக்கியிருப்பார்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் தாழ்ந்த சுருதியில் தோல் அங்கே சுருங்கும். மெல்லிய பள்ளம் என்றால் பிரச்சினை இல்லை.

பிரீமியர் கிடைத்தால் கூடுதல் கவனம். 1922இல் லண்டனில் தொடங்கிய ட்ரம் கம்பனி அது. மெல்லிய பேர்ச் மர ஷெல்லும் உள்ளே பலகை வளையமுமாக வருகிற பழைய பிரீமியர்களின் சத்தம் எனக்கு உயிர். ஆனால் 1960களின் கடைசி வரை வந்தவற்றில் சில அளவுகள் இன்றைய தோலுக்குப் பொருந்தாது. கையோடு ஒரு 14 அங்குலத் தோலைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டே காசை நீட்டுங்கள்.

இனி கால். என் கட்சி இதுதான்: முழுசாக, துளை படாமல் இருக்கிற நல்ல பழைய ட்ரம்மில் டிரில் வைக்கக் கூடாது. போட்ட துளையை யாராலும் எடுக்க முடியாது. அதற்கு, தோலை இறுக்கும் திருகுக் கம்பியான டென்ஷன் ரொட்டிலேயே பூட்டும் கால் பிடிகள் இருக்கின்றன, வேண்டாத நாளில் கழற்றிவிடலாம். ஏற்கெனவே துளைத்துக் குதறிய ட்ரம் என்றால் தாராளமாகத் துளையுங்கள். வெளியே மாஸ்கிங் டேப், உள்ளே ஒரு மரக்கட்டையை அணைத்துப் பிடித்து, முதலில் சின்ன பிட், பிறகு பெரியது. கட்டை இல்லாவிட்டால் உள்பலகை பிய்ந்து வரும்.

கால்களுக்கு இடம் குறிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 14 அங்குல ட்ரம்மின் சுற்றளவு ஏறத்தாழ 44 அங்குலம். ஒரு காகித நாடாவைச் சுற்றி எடுத்து மூன்றாக மடித்தால் இடம் வந்துவிடும். ஆறு லக் (டென்ஷன் ரொட் திருகி ஏறும், ஷெல்லில் பூட்டிய பிடி) என்றால் ஒன்றுவிட்டொரு இடைவெளியில் கச்சிதமாக விழும். எட்டு லக்கில் மூன்று சரியாகப் பிரியாது, இரண்டு கால் லக்கின் மேலேயே முட்டும். அப்போது இரண்டு பக்கம் மூன்று லக் தள்ளியும் மூன்றாம் பக்கம் இரண்டு லக் தள்ளியும் வையுங்கள். மூன்று கால் எப்படியும் தரையில் ஊன்றி நிற்கும். கால் கம்பியின் அடிப்பகுதி ரிம்மைத் தாண்டி வெளியே விரிந்திருக்க வேண்டும், றப்பர் பாதம் கட்டாயம். கம்பியைப் பஞ்சிகாவத்தையில் வெட்டி வளைத்து வாங்கலாம், பிடியின் துளை அளவை மறக்காமல் கொண்டுபோங்கள்.

பழைய லக்குகளுக்குள் ஸ்பிரிங் இருந்தால் அடிக்கும்போது சிணுங்கும். கொஞ்சம் பஞ்சைத் திணித்தால் அடங்கும். மேலே ஒற்றைப் படல வெள்ளைத் தோல், கீழே கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய தோல். மேல்தோலைச் சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, கீழ்த்தோலை அதைவிடக் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள்.