"குளிப்பான் சார்" என்றார் அண்ணி

என் அண்ணன் மகனுக்கு 11 வயது. அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளை. ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க அரசு மருத்துவமனைக்கு அண்ணியோடு நானும் போனேன்.

வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒரு சோதனை வைத்தார்கள். அன்றாட வேலைகளைப் பிள்ளை தானாக எவ்வளவு செய்கிறான் என்று பார்ப்பது. அமெரிக்காவில் எட்கர் டால் என்ற உளவியலாளர் உருவாக்கியதை மாலின் என்பவர் நம் நாட்டுக்கு ஏற்றபடி மாற்றியது, 89 அம்சங்கள். பெரும்பாலும் கூட வந்த அம்மா சொல்வதை வைத்துத்தான் மதிப்பெண்.

"தானா குளிப்பானா?" "குளிப்பான் சார்." "கடைக்குப் போவானா?" "போவான்." பத்து நிமிடத்தில் முடிந்தது. குறைபாடு 25 சதவீதம் என்று எழுதிவிட்டார்கள். 40 இருந்தால்தான் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை கேட்கவே முடியும்.

அண்ணி பொய் சொல்லவில்லை. படித்துறையில் அவர் மொண்டு ஊற்ற, இவன் நிற்பான். அதற்கும் எங்கள் வீட்டில் குளிக்கிறான் என்றுதான் பெயர். கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சாமான் கொடுத்து, மீதிச் சில்லறையை இவன் சட்டைப்பையில் போட்டு அனுப்புவார். அதுவும் கடைக்குப் போவதுதான். அப்புறம், வரிசையில் பத்து பேர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, என் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59இல் மேல்முறையீடு உண்டு. தமிழிலேயே மனு எழுதிக் கொடுத்தோம். நடவு நேரம், ஒவ்வொரு நடைக்கும் அண்ணிக்கு ஒரு நாள் கூலி போனது. இடையில் ஒரு நோட்டில், காலை முதல் இரவு வரை அவனுக்கு யார் என்ன செய்துவிடுகிறோம் என்று ஒரு வாரம் எழுதி வைத்தோம்.

இரண்டாம் முறை இருந்த உளவியலாளர் முதலில் கதவைச் சாத்தினார். "அக்கா, நேத்து தம்பி எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க. பல் விளக்கும்போது நீங்க எங்க நின்னீங்க?" என்றார். "ஆத்துல தண்ணி வந்துட்டா தனியா விடுவீங்களா?" என்று கேட்டதும் அண்ணி அழுதுவிட்டார். தண்ணீர் திறந்தால் வாசல் கதவைப் பூட்டியே வைப்பதை அன்றுதான் வெளியாளிடம் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. இந்த முறை 50 சதவீதம்.

மதிப்பிடும் ஒவ்வொருவருக்கும் இப்படிக் கேட்கப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதுவரை, "செய்வானா" என்று கேட்டால், யாரும் சொல்லாமல், பக்கத்தில் நிற்காமல் செய்வானா என்று யோசித்துப் பதில் சொல்லுங்கள். எங்கள் நோட்டைப் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் மாதிரிக்கு வாங்கிப் போயிருக்கிறார். அவர் பெண்ணுக்கு அடுத்த புதன்கிழமை சான்றிதழ் முகாம்.