நகவெட்டியும் கடுகு எண்ணெயும்

நேபாளத்துக்குத் தொண்டு செய்யப் போகிறேன் என்று என்னிடம் வழி கேட்பவர்கள் அநேகமாக எல்லோருமே குழந்தைகள் இல்லத்தைத்தான் விசாரிக்கிறார்கள். முதியோர் இல்லத்தைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. இந்தியர்களுக்கு அங்கே போக விசா வேண்டியதில்லை, வாக்காளர் அட்டை போதும். போவது இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான், போய் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் புறப்படும் முன்பே யோசிக்கச் சொல்கிறேன்.

செவிலியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, காட்மாண்டுவை ஒட்டிய லலித்பூரில் ஒரு முதியோர் இல்லத்தில் குளிர்காலங்களில் தங்கி வேலை செய்து வருகிறேன். அங்கே என் பொறுப்பில் இருப்பவை பெரும்பாலும் கால்கள். மூங்கில் கூடையை நெற்றிப்பட்டையில் சுமந்து ஆயுள் முழுக்க மலையேறி இறங்கிய கால்கள். குதிகாலில் பித்தவெடிப்பு ரத்தம் கசியும் அளவுக்குப் பிளந்திருக்கும். நகம் கொம்பு மாதிரி தடித்து வளைந்து அடுத்த விரலைக் குத்திக்கொண்டிருக்கும். நகவெட்டி அதில் எடுத்ததும் ஏறாது. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக நறுக்கி, அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் ஊறவைப்பதும் கூடாது. விரலிடுக்கில் ஈரம் நிற்காமல் துடைத்து, சிறு கீறலும் விழாமல் வெட்ட வேண்டும். கீறல் புண்ணாகி, புண் ஆறாமல் விரலையே எடுக்கவேண்டி வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

ஒருவருக்கு இரண்டு காலும் முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். சமைத்து, துவைத்து, படுக்கையில் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கும் நிரந்தரப் பணியாளர்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் ஒருநாளும் கிடைக்காது. வெளியிலிருந்து வருபவரின் கை உண்மையாகவே உதவுவது இந்த இடத்தில்தான்.

பனி விலகி வெயில் வந்ததும் எல்லோரையும் முற்றத்தில் பாய் விரித்து உட்காரவைப்போம். காலுக்குக் கடுகு எண்ணெய் தேய்க்கும்போதுதான் பேச்சு வரும். சிந்துபால்சோக் மாவட்டத்து ஆமா (நேபாளியில் அம்மா) ஒருவர் 2015 நிலநடுக்கத்தில் வீட்டை இழந்தவர், மகன் கத்தாரில் கட்டட வேலை. அவர் சொல்வதில் பாதிதான் எனக்குப் புரியும். ஒவ்வொரு காலையும் தேய்த்து முடித்ததும் என் தலையில் கைவைத்து ஆசி சொல்வார், இரண்டு காலுக்கும் இரண்டு முறை. வளைகுடாவும் மலேசியாவும் இளைஞர்களை இழுத்துக்கொண்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான் அங்கே அதிகம். நேபாள அரசு 1995இல் மாதம் 100 நேபாள ரூபாயில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை இப்போது 4,000 ரூபாய். அது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தப் பணம் வந்து நகம் வெட்டாது.

அதே நகரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு மருத்துவ முகாமுக்காகப் போயிருந்தேன். வாசலில் கால் வைத்ததும் ஐந்து வயதுக் குழந்தைகள் ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். கூட வந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தாய் பக்கத்திலிருக்கும் குழந்தை, அந்நியரைக் கண்டால் முந்தானைக்குள் ஒளியும். யார் வந்தாலும் கட்டிக்கொள்ளும் குழந்தை, பலர் வந்து வந்து போன வீட்டில் வளர்கிற குழந்தை. ஒரு சிறுமி என் பெயரைக் கேட்டாள். அடுத்த கேள்வி, எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்பது.

இந்த இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். 1996 முதல் 2006 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது, ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களுக்குத் தரகர்கள் போய், பிள்ளைகளை நகரத்தில் படிக்கவைப்பதாகச் சொல்லிப் பெற்றோரிடமே பணம் வாங்கி அழைத்துவந்தார்கள். பெற்றோர் இறந்ததாகப் பொய்ச் சான்றிதழும் தயாரானது. நாட்டின் குழந்தைகள் இல்லங்களில் மிகப் பெரும்பாலானவை காட்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வன் ஆகிய ஐந்து மாவட்டங்களில் இருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் குவிவதும் அங்கேதான். வருகிறவர்கள் தரும் நன்கொடை நிற்காத வரை, குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவருவதும் நிற்காது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே, அநாதை இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவின் தீங்குகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

முதியவர்களுக்கும் பிரிவு வலிக்கும், இல்லையென்று சொல்லமாட்டேன். புறப்படும் நாளில் சிலர் என்னோடு பேசுவதில்லை. அதனால்தான் இல்லத்தை மாற்றாமல் அதே இடத்துக்குப் போகிறேன். ஆனால் அவர்கள் ஒரு வாழ்க்கையை வாழ்ந்து, உறவும் பிரிவும் இன்னதென்று அறிந்தவர்கள். யாரை நம்பலாம் என்பதையே இனிமேல்தான் கற்கப்போகும் ஐந்து வயதை அந்த முற்றத்தோடு ஒப்பிடவே கூடாது.

குழந்தைகளுக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று மனம் கேட்காதவர்களிடம் பணத்தை மட்டும் அனுப்பச் சொல்கிறேன். அதுவும் இல்லங்களுக்கு அல்ல, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் பிள்ளையை ஒப்படைக்கும் அமைப்புகளுக்கு. சிறு விமானத்தில் ஹும்லாவின் தலைமையிடமான சிமிகோட் போய், அங்கிருந்து நாட்கணக்கில் நடந்து, ஒரு தாயின் வீட்டை அடைகிற வேலை அது. உள்ளூர் மொழி தெரிந்தவர்களால்தான் முடியும்.

முதியோர் இல்லத்துக்கு வருகிறேன் என்பவர்களை, புறப்படும் முன் பக்கத்து அரசு மருத்துவமனையில் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று கற்றுவரச் சொல்கிறேன். கேமராவைப் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும். தடித்த நகத்துக்கான வெட்டி இரண்டு, அரம் ஒன்று, வெடிப்புக்குத் தடவும் களிம்பு, ஜனவரிக் குளிருக்குக் கம்பளிக் காலுறைகள் எத்தனை முடியுமோ அத்தனை. கடுகு எண்ணெய் அங்கேயே கிடைக்கும்.