காலிக் குப்பி

"அக்கா, இதுல ஒண்ணுமே இல்லையே!"

லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். உள்ளே 10 மைக்ரோகிராம் சுண்டெலிப் புரதம், வெள்ளணுக்களை வளரத் தூண்டும் ஜிஎம்-சிஎஸ்எஃப். கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கு எங்கே தெரியும்!

திறக்கப் போனவனைத் தடுத்து, முதலில் சென்ட்ரிஃபியூஜில் சுற்றவைத்தேன். மூடியில் ஒட்டியிருந்தால் போச்சு.

அப்புறம் சாய்த்துப் பார்த்தால், அடியில் பனி படிந்த மாதிரி ஒரு மெல்லிய வெள்ளை.

சுண்டெலியின் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அது செய்துகொடுத்த புரதத்தைச் சுத்திகரித்து எடுத்ததுதான் இது. எலி மஜ்ஜை செல்களுக்குக் கொடுத்தால் ஒரு வாரத்தில் டென்ட்ரிடிக் செல்கள் (நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகை) வளர்ந்துவிடும்.

நம் செல்களுக்குக் கொடுத்தால்? கண்டுகொள்ளவே மாட்டா. நம்மிடமும் அதே பெயரில் ஒரு புரதம் உண்டு, ஆனாலும் எலியுடையதை ஏற்பதில்லை.

"ரொம்ப ரோஷம்தான்" என்றான் தம்பி, குப்பியைக் குலுக்கிக்கொண்டே.

டேய், குலுக்காதே!