ஆணியில் தொங்கிய சாவி

துப்பறியும் நாவல் என்றால் எனக்கு இன்றைக்கும் உயிர். ஆனால் அதில் துப்பறிகிறவர் வீட்டில் உலை வைப்பது யார், பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வருவது யார் என்ற பேச்சு பெரும்பாலும் வராது. ஈரோடு மாவட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்த எனக்கு அந்தக் கவலை இல்லாமல் ஒரு வழக்கும் நடந்ததில்லை.

2012 தைப்பூசம். சென்னிமலைத் தேருக்குப் பந்தோபஸ்தில் நின்ற அன்று, பக்கத்தில் ஒரு சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், 11 பவுன் நகை காணாமல் போனது. பீரோ உடைபடவில்லை. கள்ளச்சாவி போடும் ஆள் என்று முடிவு கட்டி, பழைய குற்றவாளிகள் பட்டியலோடு மூன்று நாள் அலைந்தோம்.

மூன்றாம் நாள் ராத்திரி வீட்டில் நான் யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. ஒன்பதாவது படிக்கும் மகன் லேட்டாக வந்தான். "எங்க போனே? யாரு கூட?" என்றேன். "அம்மா, ஒண்ணு சொல்லோணும்..." என்று இழுத்தான். கண் என் முகத்தில் இருக்க, கை மட்டும் தானாகப் போய் சைக்கிள் சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டியது.

அந்தச் சாளையிலும் பீரோ சாவி அதன் ஆணியில்தான் தொங்கியது. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரில் நானே எழுதியிருந்தேன். வெளியாள் எடுத்திருந்தால் சாவியைப் பீரோவிலேயே விட்டு ஓடியிருப்பான். இது அந்த வீட்டிலேயே வளர்ந்த கை. "இருடா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

பேரன்தான். காலேஜில் படிக்கிறவன். பாட்டிக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "அடிச்சுப்போடாதீங்க அம்மிணி" என்று என் கைகளைப் பிடித்துக்கொண்டார். மஞ்சள் வெட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை.

அடிக்கவில்லை. போலீசிடம் சொல்லும் ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது. அப்போது நடப்பில் இருந்த 1872-ஆம் வருட சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி, அவன் சொல்லி நாங்கள் பொருளைக் கண்டெடுத்தால், அதை ஒட்டிய பேச்சு மட்டுமே செல்லும். அதனால் ஒரு முழு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேட்டேன். சாயங்காலம் அடகுச் சீட்டு இருக்கும் இடத்தைச் சொன்னான்.

வீட்டுக்குப் போனபோது மகன் தூங்கியிருந்தான். அப்புறம் இன்னொரு வழக்கு, இன்னொரு பந்தோபஸ்து. ரிட்டயர் ஆன பிறகுதான் கேட்டேன்: "அன்னிக்கு என்ன கண்ணு சொல்ல வந்தே?"

"எனக்கே மறந்துபோச்சுங்கம்மா" என்றான்.