கராயன் தட்டு வாங்கும்போது வருஷத்தைப் பாருங்கள்

கோவையில் பழைய எல்பி விற்கிறவர்களிடம் மேற்கத்திய சாஸ்திரிய இசை இருக்குங்களா என்று கேட்டால், எடுத்துத் தரும் நாலு தட்டில் ஒன்றாவது ஆஸ்திரிய ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் கராயன் நடத்தியதாக இருக்கும். அதே பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனி, அதே கராயன், அதே பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, ஆனால் அட்டை மட்டும் வேறு. எதை எடுப்பது? பெயரை நம்பி எடுத்தால் ஏமாறுவோம். பதிவான வருஷமும் பதிவு நடந்த கூடமும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி நம் வீட்டு மின்சாரத்திலும் தண்ணீரிலும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சால்ஸ்பர்க்கில் 1908-இல் பிறந்தவர். முதல் பதிவு 1938 டிசம்பரில், பெர்லினில், மோட்சார்ட்டின் மந்திரக் குழல் ஓபராவுக்கான முன்னிசை. கடைசிப் பதிவு 1989 ஏப்ரலில், வியன்னா பில்ஹார்மோனிக்குடன் புரூக்னரின் ஏழாம் சிம்பொனி. அந்த ஜூலையில் காலமானார். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் அரக்குத் தட்டு (எல்பிக்கு முந்தைய 78 சுற்றுத் தட்டு), காந்த நாடா, மோனோ எல்பி, ஸ்டீரியோ, டிஜிட்டல், சிடி என்று வந்த ஒவ்வொன்றிலும் அவர் பதிவு செய்திருக்கிறார். சாய்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியான பாத்தெடிக்கை மட்டும் ஸ்டுடியோவில் ஏழு தடவை. பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் முழுத் தொகுப்பாக நான்கு தடவை. ஏன் இத்தனை தடவை என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கச்சேரி கேட்டதோடு முடிந்துவிடும், பதிவோ நிற்கும். புதுக் கருவி ஒன்று வந்ததும் பழைய பதிவில் தான் நினைத்த ஒலி கிடைக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒலியை இவ்வளவு நேசித்த நடத்துநர் அபூர்வம்.

அரக்குத் தட்டுக் காலத்தில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிஷம்தான். முக்கால் மணி நேர சிம்பொனியைப் பத்துப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். நடுவில் ஒரு கொம்பு பிசகினால் அந்தப் பக்கம் முழுக்க மறுபடியும். 1939-இல் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் செய்த பாத்தெடிக் இந்த முறையில் வந்தது. 1944 செப்டம்பரில், போரின் நடுவே, புரூக்னர் எட்டாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியை காந்த நாடாவில் இரண்டு சேனலாக, அதாவது ஸ்டீரியோவாக, பதிந்திருக்கிறார்கள். ஸ்டீரியோ எல்பி கடைக்கு வர இன்னும் பதினான்கு வருஷம் இருந்தது. இன்று அது சிடியிலும் இணையத்திலும் கிடைக்கிறது. இரண்டு பக்கமும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

1933-இலேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் அவர். போர் முடிந்ததும் மேடையேறத் தடை வந்தது. ஒலிப்பதிவுக்கு அந்தத் தடை இல்லை. இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் வால்டர் லெக் 1946-இல் வியன்னா போய் அவரைப் பதிவுக்கு அமர்த்தினார். 1947-இல் பிராம்ஸின் ஜெர்மன் ரெக்வியமும் பீத்தோவன் ஒன்பதாம் சிம்பொனியும் பதிவாயின. பின்பு லெக் லண்டனில் தான் 1945-இல் தொடங்கிய பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவைக் கராயனிடம் கொடுத்தார். அங்கே 1951 முதல் 1955 வரை செய்ததுதான் முதல் பீத்தோவன் தொகுப்பு. அடிப்படையில் மோனோ, அதாவது ஒரே சேனல். வேகம் துடிப்பானது, மரக்குழல் வாத்தியங்கள் பளிச்சென்று இருக்கும். மோனோவாகப் பதிவானதைப் பின்னாளில் ஸ்டீரியோ மாதிரி மின்னணு வேலை செய்து வெளியிட்ட தட்டுகள் சந்தையில் உண்டு. கீழ்ச்சுருதி ஒரு பக்கம், மேல்ச்சுருதி இன்னொரு பக்கம் என்று பிரித்து, ஒலி கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகியிருக்கும். மாட்டிக்கொண்டால் ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தானை அமுக்கிக் கேளுங்கள், ஓரளவு சரியாகும்.

பெர்லினில் அதுவரை தலைமை நடத்துநராக இருந்த ஃபுர்ட்வாங்ளர் 1954 நவம்பரில் மறைந்த பிறகு, 1955-இல் பெர்லின் பில்ஹார்மோனிக் கராயனிடம் வந்தது. கவனமாகத் தேட வேண்டிய காலம் இங்கே தொடங்குகிறது. டாய்ச்சே கிராமபோன் நிறுவனத்துக்காகப் பெர்லின் டாலெம் பகுதியில் உள்ள இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் பதிவு செய்தார்கள். உயரமான கூரை, வயலின் வரிசை நின்ற பிறகும் ஒலி ஒரு கணம் காற்றில் தங்கும், ஆனால் கலங்காது. 1961-62 பீத்தோவன் தொகுப்பு, அறுபதுகளின் நடுவில் வந்த சிபேலியஸ் நான்கு முதல் ஏழு வரை, 1964 பாத்தெடிக் எல்லாம் இந்த இடத்தில் பிறந்தவை. அந்தத் தொகுப்பின் ஒன்பதாம் சிம்பொனியில் சொப்ரானோ பாடகி குண்டுலா யானோவிட்ஸின் குரல் பாடற்குழுவுக்கு மேலே தனியாக மிதப்பதைக் கேளுங்கள். கராயனில் ஒன்றே ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது என்றால் அந்த 1961-62 பீத்தோவன் தொகுப்பை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதே காலத்தில், 1959 முதல், டெக்கா நிறுவனத்துக்காகத் தயாரிப்பாளர் ஜான் கல்ஷாவுடன் வியன்னாவின் சோஃபியன்சால் கூடத்தில் செய்தவை வேறு ருசி. பித்தளை வாத்தியம் முன்னால் வந்து நிற்கும். 1961-இல் பதிவான ஹோல்ஸ்ட்டின் கிரகங்கள் அதற்குச் சாட்சி.

எழுபதுகளில் பதிவுகள் பெர்லின் குழுவின் சொந்த அரங்கான பில்ஹார்மோனிக்கு மாறின. 1963-இல் திறந்த அந்தக் கட்டடம் கச்சேரிக்கு அருமையானது. பதிவில் அதே நன்மை வரவில்லை. மைக்குகள் கூடின, தனித்தனி வாத்தியங்களை மிக்ஸிங் மேசையில் ஏற்றி இறக்கினார்கள். 1975-77 பீத்தோவன் தொகுப்பில் வேகமும் பலமும் இருக்கிறது, காற்று குறைவு. ஆனால் மைக்கையும் மேசையையும் அவர் கலையாகவே பார்த்தார் என்பதற்கு இதே பத்தாண்டில் ஒரு நல்ல சான்று: ஷோன்பெர்க்கின் ஆர்கெஸ்ட்ராவுக்கான மாறுபாடுகள் என்ற படைப்பை, ஒவ்வொரு பகுதிக்கும் வாத்தியக்காரர்களின் இருக்கையை மாற்றி அமைத்துத் தனித்தனியாகப் பதிந்தார். மேடையில் ஒரு நாளும் முடியாத காரியம் அது. ஷோன்பெர்க், பெர்க், வேபர்ன் மூவரையும் சேர்த்து நான்கு எல்பி பெட்டியாக 1974-இல் வந்தது. கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

1980-இல் டிஜிட்டல். 1981 ஏப்ரலில் சால்ஸ்பர்க்கில் சோனியின் அக்கியோ மொரிட்டாவோடு உட்கார்ந்து சிடியை உலகுக்கு அறிமுகம் செய்தவர்களில் இவரும் ஒருவர். சிடி 74 நிமிஷம் ஆனதே கராயனின் ஒன்பதாம் சிம்பொனிக்காகத்தான் என்று ஒரு கதை சுற்றுகிறது. அவர் பதிவுகள் 67 நிமிஷத்தை ஒட்டியே முடிந்துவிடுகின்றன. அதற்கு 74 தேவையே இல்லை. எண்பதுகளின் முதல் டிஜிட்டல் வெளியீடுகளில் வயலின் கூட்டம் கண்ணாடி கீறுகிற மாதிரி இருக்கும். இதே பதிவுகளைத் தொண்ணூறுகளில் மறுபடி சீர்செய்து, கராயன் கோல்ட் என்ற வரிசையில் விட்டார்கள். எண்பதுகளின் பதிவு வேண்டும் என்றால் அந்தச் சிடியை எடுங்கள், எல்பியை விடுங்கள்.

இணையத்தில் கேட்பவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். வட்டத்துக்குள் சி எழுத்து போட்ட வருஷம் அட்டைக்கும் மறுவெளியீட்டுக்கும் உரியது. வட்டத்துக்குள் பி எழுத்து போட்டதே ஒலிப்பதிவு வெளியான வருஷம். 2014 என்று பார்த்து ஏமாற வேண்டாம், பக்கத்தில் 1963 என்று இருந்தால் அது தேவாலயத்துப் பதிவு.

சரி, தட்டு கைக்கு வந்தாயிற்று. இங்கேதான் பலருக்கும் காரியம் கெடுகிறது.

அமெரிக்காவில் இருந்து உறவுக்காரர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள் நம்ம பக்கம் நிறைய வீட்டில் உண்டு. அதில் ஏசி சின்க்ரோனஸ் மோட்டார் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்து வேகம் அமைவது) இருந்தால் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். 33⅓ சுற்று 27.8 ஆகும். சுருதி மூன்று ஸ்வரஸ்தானத்துக்கும் கொஞ்சம் கூடவே இறங்கிவிடும். கராயன் மந்தமாக நடத்துகிறார் என்று அவர் மேல் பழி போடுவதற்கு முன் இதைச் சோதியுங்கள்.

தீர்வு நம் ஊரிலேயே இருக்கிறது. கணபதி, பீளமேடு பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் புது புல்லி (மோட்டார் அச்சில் பெல்ட் சுற்றும் சின்னச் சக்கரம்) கடைந்து வாங்கலாம். விட்டத்தை 1.2-ஆல் பெருக்கினால் போதும் என்று விடாதீர்கள். பெல்ட்டின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய புல்லி 10 மில்லிமீட்டர், பெல்ட் 0.6 மில்லிமீட்டர் என்றால், 10.6-ஐ 1.2-ஆல் பெருக்கி 0.6 கழிக்க, 12.12 வரும். வெறும் 12 வைத்தால் நூற்றுக்கு ஒரு பங்கு வேகம் குறையும், பியானோ தட்டில் காதுக்குத் தெரியும். புல்லியின் நடுப்பகுதி மயிரிழை மேடாக இருக்கச் சொல்லுங்கள். தட்டையாகக் கடைந்தால் பெல்ட் நழுவும். துளை சற்றே மையம் விலகினாலும் சுருதி ஆடும்.

வேகம் பார்க்க 50 ஹெர்ட்ஸுக்கான 180 கோடு போட்ட காகித வட்டம் போதும். காப்பர் சோக் போட்ட பழைய டியூப் லைட் வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. எல்இடி பல்பில் அநேகமாகத் தெரியாது. சுருதிப்பெட்டி செயலி வைத்து வேகம் திருத்தாதீர்கள். பெர்லின் குழு வழக்கமான 440 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே சுருதி வைப்பது, அதைப் பிழை என்று நினைத்துக் குறைத்துவிடுவோம்.

உர்ரென்ற சத்தம் வந்தால் டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் கம்பி ஆம்பிளிஃபயர் திருகில் இறுகியிருக்கிறதா பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் வீட்டு எர்த் குழி. சித்திரை வெயிலில் குழி காய்ந்து போயிருக்கும், இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒலி சன்னமாக, அடிச்சுருதி இல்லாமல் வந்தால் ஆம்பிளிஃபயரில் டர்ன்டேபிளுக்கான ஃபோனோ துளைக்குப் பதில் ஆக்ஸ் என்ற பொதுத் துளையில் செருகியிருப்பீர்கள்.

ஊசியின் பாரம் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) வந்த பெட்டியில் எழுதியபடி, பொதுவாக 1.8 முதல் 2 கிராம். குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்பது தவறு. பாரம் போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளும், துள்ளுகிற ஊசிதான் சுவரைச் செதுக்கும். அரக்குத் தட்டுக்கு இந்த ஊசி ஆகாது, 75 மைக்ரான் ஊசி தனியாக வேண்டும். இன்னொன்று: எல்பியின் வெளி ஓரத்தில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது; உள்ளே லேபிளை நெருங்கும்போது 21-தான். அதே ஒலி இரண்டரை மடங்கு நெருக்கமாக அடைபடுகிறது. பீத்தோவன் ஐந்தாவது முழுப் பித்தளையோடு முடிவது சரியாக அந்த உள் வட்டத்தில்தான். கார்ட்ரிட்ஜ் கோணம் துளி பிசகினாலும் அங்கே கரகரக்கும். பாத்தெடிக் மெல்ல அணைந்து முடிவதால் அதே இடத்தில் தப்பித்துக்கொள்ளும். ஆகவே கோணத்தைச் சோதிக்க ஐந்தாவதின் முடிவை வையுங்கள்.

சுத்தம் செய்வதில் தண்ணீர்தான் எல்லாம். போர் போட்டு எடுக்கிற உப்புத் தண்ணியில் கழுவினால் பள்ளத்துக்குள் உப்பு படிந்து, கழுவியதற்குப் பிறகே பொரிகடலை வறுக்கிற சத்தம் வரும். சிறுவாணித் தண்ணி எவ்வளவு நல்ல தண்ணியாக இருந்தாலும் கடைசி அலசலுக்கு வேண்டாம். சந்தேகம் இருந்தால் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டுக் காயவையுங்கள். வெள்ளை வளையம் விழுந்தால் அது பள்ளத்திலும் விழும். டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டருக்கு வாசனை இல்லாத பாத்திர சோப்புத் திரவம் இரண்டே சொட்டு. ஒரு பக்கத்துக்கு 20 மில்லி போதும். லேபிளை நனைக்காமல், மெத்தென்ற பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே இரண்டு நிமிஷம் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை அலசி, நிற்கவைத்து உலர்த்துங்கள். ஃபேன் போடாதீர்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், காற்றில் பஞ்சு இருக்கிறது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும், கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், சினிமாப் பாட்டுத் தட்டில் தபலா ஓடிக்கொண்டே இருக்கும், பொரிகிற சத்தம் அதற்குள் மறைந்துவிடும். கராயன் முப்பது வயலினை மூச்சுவிடுகிற அளவுக்குத் தணித்து வாசிக்கச் சொல்பவர். சிபேலியஸ் நான்காவதில் ஒரு தூசி இருந்தாலும் அது தனி வாத்தியமாகக் கேட்கும்.

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மேற்கு ஜன்னலை மூடிவிட்டுத் தட்டை எடுங்கள். பங்குனி, சித்திரையில் காற்று வறண்டு தட்டில் மின்னேற்றம் பிடிக்கும். கார்பன் நார் பிரஷ்ஷை ஊசி வைக்கும் முன் ஒரு சுற்று பிடித்தால் தூசியோடு அதுவும் இறங்கும். தகரக் கூரைக்குக் கீழே அட்டாலியில் வைக்கவே வேண்டாம்; வெயிலில் நிறுத்திய காரிலும் வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று படுக்கவைத்தால் அடித்தட்டு வளையும். நிற்கவையுங்கள், நூறு தட்டு சுமார் 25 கிலோ வரும், அலமாரிப் பலகை தாங்குமா என்று பாருங்கள். பெட்டித் தொகுப்புகளின் அட்டையையும் உள்ளே இருக்கும் புத்தகத்தையும் ராமபாணப் பூச்சி தேடி வரும். அலமாரி மூலையில் வசம்புத் துண்டு போடுங்கள், சுவரை ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடம் விட்டால் கரையான் ஏறுவதும் கண்ணில் படும்.

எல்லாம் சரியான பிறகு பாத்தெடிக்கின் மூன்றாம் பகுதியை 1939, 1964, 1984 என்ற வரிசையில் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவது இணையத்தில், இரண்டாவது எல்பியில், மூன்றாவது வியன்னா குழுவின் சிடியில். ஒலி அளவை ஒவ்வொன்றுக்கும் சமமாக வைத்துக்கொள்ளுங்கள்; சத்தம் கொஞ்சம் கூடினதே நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும்.